பாங்காக்கில் ஐந்து நாள்: வயதான பெற்றோர், சைவச் சாப்பாடு, ஒன்பது வயதுப் பையன். இந்தத் திட்டம் தேறுமா?

கோவைக்காரன்:

வணக்கம் நண்பர்களே. பொங்கல் முடிந்த கையோடு குடும்பமாக பாங்காக் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, அப்பா (68), அம்மா (64), ஒன்பது வயதுப் பையன். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் முகம் மாறிவிடும். அப்பா, அம்மா இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம்.

சென்னையிலிருந்து இரவு விமானம். புதன் விடியற்காலை டோன் முவாங் விமான நிலையத்தில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்புகிறோம். நான் போட்டு வைத்திருப்பது இதுதான்:

புதன்: அரண்மனை, வாட் போ, வாட் அருண் பௌத்தக் கோயில்கள், இரவு சைனா டவுன்.
வியாழன்: பட்டாயா, கோரல் தீவு, இரவு அங்கேயே தங்கல்.
வெள்ளி: திரும்பும் வழியில் சஃபாரி வேர்ல்டு, மாலையில் சட்டுச்சாக் சந்தை.
சனி: மிதக்கும் சந்தை, ரயில் சந்தை, அப்படியே அயூத்தயா.
ஞாயிறு: ஷாப்பிங், விமான நிலையம்.

ஹோட்டல் பிரதுனாம் பக்கம் பிடித்திருக்கிறேன், ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். குறை நிறை சொல்லுங்கள்.

ஊர்சுற்றி மணி:

இது சுற்றுலாவா, தேர்தல் பிரசாரமா? சனிக்கிழமையைப் படித்தே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

பாங்காக்வாசி:

கோவைக்காரன் சார், மணி கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. இங்கேயே வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வழிகாட்டி வேலை என் தலையில்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை நகரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அயூத்தயா வடக்கே 80 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் பாங்காக். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது என்றால் பார்ப்பது நெடுஞ்சாலையைத்தான். சட்டுச்சாக் முழுமையாகத் திறப்பது சனி, ஞாயிறு. அதை வெள்ளி மாலையில் வைத்தால் பாதிக் கடை பூட்டிக் கிடக்கும்.

புதன்கிழமையும் நடக்காது. இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்தவர்களை அன்றே அரண்மனைக்கு இழுத்துப் போகாதீர்கள். உள்ளே பெரும்பாலும் திறந்த வெளி, கல் தரை, நிழல் குறைவு. ஜனவரியிலும் பதினோரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஹோட்டல் அறை பொதுவாக மதியம் 2 மணிக்குத்தான் தருவார்கள். செவ்வாய் இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடுங்கள். செலவுதான், ஆனால் விடிகாலையில் நேராகப் போய்ப் பெற்றோர் படுக்கலாம். அந்த ஒரு இரவு வாடகை மிச்ச நான்கு நாளையும் காப்பாற்றும்.

இந்த ஊரில் திட்டம் போடுவது இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. ஆறு எங்கே, ரயில் எங்கே என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாலை என்பது காலை ஏழரைக்கு மேல் நம்பிக்கை வைக்கக்கூடிய பொருள் இல்லை. அரண்மனை, வாட் போ, வாட் அருண், சைனா டவுன், பூச்சந்தை எல்லாம் சாவ் பிரயா ஆற்றை ஒட்டியோ அதற்குப் பக்கத்திலோ இருக்கின்றன. சியாம், சுக்கும்வித், சட்டுச்சாக் எல்லாம் பி.டி.எஸ். மேம்பால ரயிலில். ஆறும் மேம்பால ரயிலும் கைகோக்கும் இடம் சபான் தக்சின் நிலையம். படி இறங்கினால் சாதோர்ன் படகுத்துறை. அதற்கு அடுத்த நிலையம் சுரசாக். இந்த இரண்டில் ஒன்றின் பக்கத்தில் அறை எடுங்கள் என்பேன். சீலோம் மாரியம்மன் கோயிலும் சுரசாக்கிலிருந்து நடக்கும் தூரம்தான்.

பட்டாயாவை விட்டுவிடுங்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பெட்டி கட்டி அவிழ்ப்பது வேறு. அங்கே போய் அம்மா விரைவுப் படகில் ஏறி இறங்க வேண்டும். அது தனிப் பயணத்துக்கான ஊர்.

வணிகன்:

வாசி சொல்வதில் பாதி சரி. ஆனால் பிரதுனாமை இவ்வளவு சுலபமாகத் தள்ளக் கூடாது. துணிக் கொள்முதலுக்காகப் போய் வருபவன் நான், எப்போதும் அங்கேதான் தங்கல். கீழே இறங்கினால் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சைவப் பெற்றோரோடு போகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? சுவர்ணபூமி விமான நிலைய ரயிலும் ராச்சபிராரோப் நிலையத்தில் நிற்கிறது. துணி எடுக்க பிளாட்டினம் மால் வாசலில்.

பாங்காக்வாசி:

வணிகன் அண்ணா, உங்கள் வேலைக்கு பிரதுனாம்தான் சரி, அதில் மறுப்பில்லை. இவர் இறங்குவது டோன் முவாங்கில், சுவர்ணபூமியில் இல்லை. அந்த ரயில் இவருக்கு உதவாது. பிரதுனாம் சந்திப்பில் மாலை ஐந்து மணிக்கு ஒரு டாக்சி சிக்னலைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். சிட்லோம் நிலையத்துக்கு நடக்கலாம், ஆனால் நடைபாதை முழுக்கக் கடை, ஏற்ற இறக்கம். முழங்கால் வலிக்காரரை அந்தக் கூட்டத்தில் தினமும் இருமுறை நடத்த வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வணிகன்:

சரி, முழங்காலை நான் கணக்கில் எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு வழி சொல்லிவிடுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

வெஜ் வேணி:

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன்.

தாய்லாந்தில் "காய்கறி மட்டும்" என்று சொன்னால் காய்கறி மட்டும்தான் போடுவார்கள், ஆனால் மேலே மீன் சாறு ஊற்றுவார்கள். "நாம் ப்லா" என்ற மீன் சாறு அவர்களுக்கு நம் உப்பு இருக்கும் இடத்தில் இருக்கிறது, அதை யாரும் அசைவமாக எண்ணுவதில்லை. காய்கறி வறுவலில் சிப்பிச் சாறு, கறிக் கலவைகளில் இறால் விழுது, பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால். அதனால் கேட்க வேண்டிய சொல் "ஜே". சீன பௌத்த வழியில் வந்த விரதச் சாப்பாடு: மீன் சாறு, முட்டை, பால், ஏன் பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. கடை வாசலில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். பார்வைக்கு நம் எண் 17 மாதிரியே இருக்கும். பையனிடம் "17 எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லிவிடுங்கள், அவனே சாப்பாட்டுக் கடை கண்டுபிடித்துக் கொடுப்பான். "மங்சவிரட்" என்றும் சைவத்துக்குச் சொல்வார்கள், அதில் முட்டை வர வாய்ப்புண்டு. உங்கள் வீட்டுக்கு ஜேதான்.

சீலோம் மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும். பஹுராத்தில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது, அங்கே லங்கர் என்ற இலவசச் சாப்பாடு உண்டு, பக்கத்துச் சந்துகளில் வட இந்தியக் கடைகள். எம்.ஆர்.டி. சுரங்க ரயிலில் சாம் யோட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழப் புட்டரிசி பெற்றோர் தைரியமாகச் சாப்பிடலாம். நல்ல மாம்பழப் பருவம் மார்ச் முதல் மே வரை, ஜனவரியில் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட.

ஒரு சின்ன பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். ஹோட்டல் அறையில் சமைத்தால் அபராதம் போடுவார்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் போதும், வெறும் சோறு எங்கும் வாங்கலாம்.

கோவைக்காரன்:

வாசி சார், வேணி மேடம், கோடி நன்றி. பட்டாயாவை அடித்துவிட்டேன், மனைவிக்கு நிம்மதி, பையனுக்குக் கோபம். இன்னும் சில சந்தேகம்.

அரண்மனைக்கு ஆற்றில் போவது அம்மாவுக்குச் சரிப்படுமா? அரண்மனை சில நாள் மூடியிருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், முன்கூட்டித் தெரிந்துகொள்வது எப்படி? விசா, பணம் மாற்றுவது பற்றியும் சொல்லுங்கள்.

பாங்காக்வாசி:

காலையில் டாக்சி, திரும்பும்போது படகு. இதுதான் என் வழக்கம். ஏழரைக்குள் கிளம்பினால் சாலை வழிவிடும், வாசல் திறப்பது 8:30. ஆளுக்கு 500 பாட் (தாய்லாந்துப் பணம்). முட்டிக்கு மேல் கால்சட்டை, கையில்லாத மேல்சட்டை, கிழிந்த ஜீன்ஸ் எதற்கும் அனுமதி கிடையாது. பையனுக்கு முழுக்கால்சட்டை எடுத்து வையுங்கள். அம்மாவின் புடவைக்குப் பிரச்சினையே இல்லை.

உள்ளே எல்லோரும் மரகத புத்தரை நோக்கி ஓடுவார்கள். பச்சை ஜேட் கல்லில் ஆன சிலை, 66 சென்டிமீட்டர்தான் உயரம், அதுவும் மிக உயரத்தில் இருக்கும். கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கு மூன்று பொன்னாடை, மாற்றுவது மன்னர் கையால். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் சுற்றுப் பிராகாரச் சுவருக்குப் போய்விடுங்கள். ராமகியன் என்ற அவர்களுடைய ராமாயணம் 178 ஓவியப் பகுதிகளாக ஓடுகிறது. கூரை உண்டு, உட்கார இடம் உண்டு, அப்பாவுக்குக் கதை தெரியும். ஆனால் இந்த அனுமன் பிரம்மச்சாரி இல்லை! கடலில் பாலம் கட்டும்போது கல்லைத் திருடிப் போகும் மீன்கன்னியைத் துரத்திப் போய், அவளோடு காதலாகி ஒரு பிள்ளையும் பிறக்கிறது. அவள் தசகண்டனின் மகள், நம் ராவணன்தான். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார், பையன் விட மாட்டான், ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அங்கிருந்து வாட் போவுக்கு நடக்கத் தூரம் இருக்கிறது, அம்மாவை ஒரு டுக்டுக்கில் (நம் ஆட்டோ மாதிரி) ஏற்றுங்கள். சாய்ந்த புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கச் சுவரோரம் வெண்கலக் கிண்ணங்களில் சில்லறை போடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். பையனுக்கு சில்லறை வாங்கிக் கொடுத்து முன்னால் அனுப்புங்கள். தா தியன் துறையிலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்குச் சில பாட்டில் படகு. அங்கே படிகள் செங்குத்து, அம்மா கீழேயே உட்காரட்டும். சுவரில் பதித்திருக்கும் உடைந்த பீங்கான் பூக்களைப் பக்கத்தில் பார்க்க மேலே ஏற வேண்டியதில்லை.

ஆரஞ்சுக் கொடி விரைவுப் படகு 16 பாட், எங்கே ஏறினாலும் ஒரே கட்டணம். ஆனால் துறையில் நிற்பது சில நொடிதான். விசில் ஊதுவார், கயிறு போடுவார், ஏறு ஏறு என்பார், கிளம்பிவிடும். அம்மாவோடு போகும்போது நீலக் கொடி சுற்றுலாப் படகு நல்லது, நாள் முழுக்க ஏறி இறங்க 150 பாட். நிதானமாக நிற்கும், உட்கார இடம் கிடைக்கும்.

அரண்மனை மூடியிருக்கிறது என்ற கதைக்கு வருகிறேன். அரச சடங்கு நாட்களில் மூடுவது உண்டு, அது அரண்மனை இணையதளத்தில் முன்பே வந்துவிடும். ஆனால் வாசலுக்கு இருநூறு அடி தள்ளி நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து "இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை 20 பாட்டில் டுக்டுக்கில் மூன்று கோயில் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். மூன்றாவது நிறுத்தம் ரத்தினக்கல் கடையாக இருக்கும். பல பத்தாண்டாக ஓடும் நாடகம், வசனம்கூட மாறவில்லை. டிக்கெட் ஜன்னல்வரை போய் நீங்களே பாருங்கள்.

விசா: இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தார்கள். இந்த விதியை அடிக்கடி மாற்றுகிறார்கள், கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் டி.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

பணம்: வெளிநாட்டு அட்டையை ஏ.டி.எம்.மில் போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம். ஒரே தடவை பெரிய தொகையாக எடுங்கள், அல்லது டாலர் நோட்டு கொண்டுவந்து நகரத்தில் மாற்றுங்கள். எம்.ஆர்.டி. சுரங்க ரயில் வாசலில் விசா, மாஸ்டர் அட்டையைத் தொட்டாலே திறக்கும். பி.டி.எஸ்.ஸுக்குத் தனிச் சீட்டு.

பழைய ஏடு:

மாரியம்மன் கோயில் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். சீலோம் கோயில் 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று போனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள்தான். உள்ளே படம் எடுக்க விட மாட்டார்கள். விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காக சீலோம் சாலையையே மூடுவார்கள்.

ஆனால் அதிகம் பேர் போகாத இடம் பெரிய ஊஞ்சல் பக்கம் இருக்கும் தேவஸ்தான். முதலாம் ராமா என்ற தாய்லாந்து மன்னர் காலத்தில், 1784இல் எழுந்த பிராமணர் கோயில். சிவன், விநாயகர், நாராயணர் என்று மூன்று சன்னிதி, வெள்ளை அடித்த எளிய கட்டடம். அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்தும் திரியம்பாவாய் சடங்கில் நம் திருவெம்பாவை இன்றும் ஓதப்படுகிறது. உச்சரிப்பு காலப்போக்கில் உருண்டு திரண்டு மாறிவிட்டது, காதால் கேட்டு அடையாளம் காண்பது கஷ்டம். வெளியே சிவப்பாக நிற்கும் தேக்கு மரத் தூண்கள் ஒரு காலத்தில் அந்தச் சடங்கின் பகுதியாக ஆட்டப்பட்ட ஊஞ்சலுக்கானவை. ஆட்கள் உயரத்தில் ஆடி, கழியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து செத்தவர்கள் உண்டு. 1930களில் நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் பொங்கல் முடிந்து போவதால் சடங்கு நாட்கள் கூடிவருமா என்று நிலாக் கணக்கைப் பார்க்க வேண்டும். கூடிவராவிட்டாலும் கோயிலைப் பார்க்கலாம். எல்லா நேரமும் திறந்திருக்காது, காலையில் போங்கள்.

கோவைக்காரன்:

அப்பா தினமும் மார்கழியில் திருவெம்பாவை பாடுகிறவர். இதைப் படித்துக் காட்டினேன். "பட்டாயாவாவது, கிட்டாயாவாவது, எனக்கு இந்தக் கோயில் போதும்" என்கிறார். பையன்தான் எதிர்க்கட்சி.

ஈப்போ பாலா:

நான் மலேசியாவிலிருந்து. வெளியூர் ஒரு நாள் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதை காஞ்சனபுரிக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீடுகளில் சயாம் மரண ரயில் என்று சொன்னால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1942, 43இல் ஜப்பானியர்கள் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், பெரும் பகுதியினர் திரும்பவில்லை. போர்க் கைதிகளுக்கு அங்கே பராமரித்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறத்தாழ 7,000 கல்லறை, பெரும்பாலானவற்றில் பெயர். நம் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வரிசையாகப் பெயர் படித்துக்கொண்டு நடக்கும்போது அது உறைக்கும்.

தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன் ரயில், 100 பாட். குவாய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மலையோர மரப்பாலத்தில் மெல்ல ஊர்ந்து போகும்.

ரயில் ரசிகன்:

பாலா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்த ரயில் மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, கட்டையான இருக்கை. நகரத்திலிருந்து காஞ்சனபுரிக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அதைத் தாண்டி மரப்பாலம் இன்னும் தூரம். அன்றே திரும்புவது என்றால் 64 வயது முழங்காலுக்கு அதிகம். அயூத்தயா ரயிலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். நிலைய வாசலில் டுக்டுக்கை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளலாம். 1767இல் பர்மியப் படை எரித்துவிட்டுப் போன தலைநகரம். வாட் மஹாதாட்டில் அரச மர வேர் சுற்றிப் பிடித்த புத்தர் தலையைப் பார்க்க ஒரு படியும் ஏற வேண்டாம். அந்தத் தலையோடு படம் எடுப்பவர் குனிந்தோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும், புத்தர் தலைக்கு மேலே நம் தலை இருக்கக் கூடாது. காவலர் கண்டிப்பார்.

ஈப்போ பாலா:

முழங்காலோடு என்றால் அயூத்தயாதான் நியாயம், ரசிகன் சொல்வதற்கு நான் எதிர் சொல்ல மாட்டேன். ஆனால் கார் வைத்துப் போனால் காஞ்சனபுரியில் பாலம், கல்லறைத் தோட்டம், பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகம் மூன்றையும் அலுங்காமல் பார்த்துவிட்டு இருட்டும் முன் திரும்பலாம். முடிவு உங்களுடையது அண்ணா.

ஊர்சுற்றி மணி:

பையனை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கோயில், கோயில், இடிந்த கோயில், கல்லறை. பாவம்.

தம்பிக்கு லும்பினி பூங்காவைக் காட்டுங்கள். குளக்கரையில் ஆளுயர உடும்புகள் சாவகாசமாக நடந்துபோகும், கட்டணம் கிடையாது, சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது. அப்புறம் சேன் சேப் கால்வாய்ப் படகு. தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் வெளி விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து காசு வாங்குவார். எதிர்ப் படகு வந்தால் தண்ணீர் தெறிக்கும், பக்கத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாய்த் திரையைத் தூக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பெற்றோரை இதில் ஏற்றாதீர்கள், ஏறுவதே ஒரு தாவல். நீங்களும் பையனும் மட்டும்.

மருந்துக்கடை:

ஒரு எச்சரிக்கை. ஜனவரி குளிர்ச்சியான மாதம் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாங்காக்கில் நுண்துகள் மாசு ஏறும் மாதங்களும் அவைதான். பெற்றோரில் யாருக்காவது ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் என்95 முகக்கவசம் கொண்டுபோங்கள், காற்றுத் தர எண்ணைக் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மோசமான நாளில் சியாம் பக்கம் பெரிய மால்கள், கடல் உயிரினக் காட்சியகம் என்று உள்ளேயே இருந்துவிடலாம். பயணக் காப்பீடு அவசியம். அங்கே தனியார் மருத்துவமனை தரமும் அதிகம், பில்லும் அதிகம்.

கோவைக்காரன்:

எல்லோர் பேச்சையும் கேட்டு வீட்டில் உட்கார்ந்து மாற்றியது இது. சுரசாக் பக்கம் அறை கிடைத்துவிட்டது, செவ்வாய் இரவும் சேர்த்து.

புதன்: மதியம்வரை தூக்கம். மாலையில் மாரியம்மன் கோயில், அங்கேயே சாப்பாடு.
வியாழன்: 8:30க்கு அரண்மனை, வாட் போ, வாட் அருண். படகில் திரும்பல். அம்மா சோர்ந்தால் வாட் அருணை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பது.
வெள்ளி: தேவஸ்தான், ஊஞ்சல். மதியம் பஹுராத். மாலையில் பையனும் நானும் கால்வாய்ப் படகு, மற்றவர்களுக்கு ஓய்வு.
சனி: அயூத்தயா. காஞ்சனபுரிக்கு நானும் மனைவியும் தனியாக இன்னொரு முறை வருவதாகப் பேச்சு.
ஞாயிறு: காலை லும்பினி உடும்பு, பத்து மணிக்குச் சட்டுச்சாக், அறை, விமான நிலையம்.

சஃபாரி வேர்ல்டு கைவிட்டுப் போனதற்கு உடும்பு ஈடாகுமா என்று பேரம் நடக்கிறது. விமான நிலையத்தில் ஐந்து பேரும் பெட்டிகளும் ஒரே டாக்சியில் போக முடியுமா? வருகை அட்டை பையனுக்கும் தனியாக வேண்டுமா?

பாங்காக்வாசி:

சாதாரண டாக்சியில் ஐந்து பேர், பெட்டி எல்லாம் ஏறாது. வரிசையில் பெரிய வண்டி கேளுங்கள், அல்லது கிராப் செயலியில் ஆறு பேர் வண்டி போடுங்கள். மீட்டர் டாக்சி என்றால் மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், மேம்பாலச் சுங்கம் தனி, அது இரண்டும் நியாயமான வசூல். வண்டி எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள், ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் கையில் வைத்திருங்கள்.

அட்டை குழந்தைக்கும் வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து பேரையும் சேர்க்கலாம், கடவுச்சீட்டு ஐந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சட்டுச்சாக்குக்கு பத்து மணி தாமதம், ஒன்பதுக்கே போய்விடுங்கள். பி.டி.எஸ். மோ சிட் நிலையத்தைவிட எம்.ஆர்.டி. கம்பேங் பெட் நல்லது, மேலே வந்தால் சந்தைக்குள்ளேயே இருப்பீர்கள்.